நாற்பது காது

ஒரு புதன்கிழமை காலை, தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆயிரமடி ஒரு முடிவுக்கு வந்தார். இனியும் பொறுப்பதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பாட்டு மேஜையை மீட்டே தீருவது.

ஆயிரமடி என்பது பட்டப்பெயர். ஆள் போர்வெல் போடுகிறவர். தண்ணீரே கிடையாது என்று எல்லாரும் கைவிட்ட ஒரு மேட்டில், பிடிவாதமாக ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தவர். அன்றிலிருந்து அந்தப் பெயர். வெளியில் அதற்கு ஆழம் என்று அர்த்தம். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அடிக்கு வேறு அர்த்தம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை. எண்ணிக்கையைத்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்பார்.

அது மழைக்காலம். மழைக்காலத்தில் யாரும் போர் போடக் கூப்பிட மாட்டார்கள். ரிக் வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் நின்றது. இவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டில் கிடந்தார். இருபத்தைந்து வருடம் போர் போட்டவருக்கு இப்போது போர் அடித்தது. ஃபிரிட்ஜ் ஏன் முனகுகிறது, குழாய் ஏன் சொட்டுகிறது, பக்கத்து வீட்டு நாய் இன்றைக்கு ஏன் குரைக்கவில்லை என்று மனைவியையும் மகளையும் கேள்வியாலேயே துளைத்தெடுத்தார்.

அவருக்கென்று வீட்டின் முன்பக்கம் ஓர் அறை உண்டு. கதவில் ‘ஆபீஸ்’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு நீள மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பீரோ. பீரோ நிறைய சின்னச் சின்னப் பாட்டில்கள். எங்கெல்லாம் துளைத்தாரோ அங்கெல்லாம் மேலே வந்த பாறைத்தூளில் ஒரு பிடி எடுத்து, ஊரும் அடியும் எழுதி வைத்திருப்பார். அந்த அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, வேலை கெடும் என்பார். வேலை என்றால் மத்தியானத் தூக்கம்.

சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். மூன்று மாதமாக அது மனைவியின் ரெசின் தொழிற்சாலை. ஒரு பாட்டிலில் ரெசின் என்கிற பிசின், இன்னொரு பாட்டிலில் அதை இறுக வைக்கிற ஹார்டனர், அளந்து ஊற்றக் கோப்பைகள், கலக்கக் குச்சிகள், வட்டம், முட்டை வடிவம், கண்ணீர்த்துளி என்று ரப்பர் அச்சுகள். இரண்டையும் கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நாள் முழுக்க இறுகும். அந்த ஒரு நாள் அந்த வீட்டில் ஊரடங்கு. ஃபேன் போடக் கூடாது, தூசி விழும். கதவைச் சாத்தக் கூடாது, மேஜை அதிரும். தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

இதையெல்லாம் எதிர்த்து ஆயிரமடி ஒரு வார்த்தை பேசியதில்லை. காரணம் பயம் மட்டுமில்லை. அந்த டாலர்கள்.

கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொள்கிற டாலர்கள்தான். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அவருக்கு மூச்சே நின்றுவிடும். உள்ளே ஒரு காய்ந்த இலை, நரம்பு நரம்பாக. இன்னொன்றில் ஒரு தேனீயின் இறக்கை. நீல நிறத்தில் ஒன்று, அதற்குள் ஒரு வெள்ளைச் சிறகு, இப்போதுதான் விழுந்துகொண்டிருக்கிற மாதிரி. தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வாழ்நாளெல்லாம் துளைத்த மனுஷன் அவர். உள்ளே இருப்பது இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கல்லை, அதுவும் தன் வீட்டு மேஜையில், தன் மனைவி குச்சியால் கலக்கியே உண்டாக்குகிறாள் என்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மேஜை போய்விடும்.

அன்று சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது மனைவி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“நாப்பது டாலர் ரெடி. ஒண்ணுக்கும் காது இல்லை.”

வளையம் மாட்டுவதற்காக ஓரத்தில் போடுகிற சின்னத் துளைக்கு அந்த வீட்டில் காது என்று பெயர். ஊசிக்குக் காது இல்லையா, அந்த மாதிரி. துளை போடுவதற்குக் காது குத்துவது என்று பெயர்.

“ஏன் இல்லை?”

“தெருமுனை பல் டாக்டரம்மாதான் அவங்க மிஷின்ல குத்திக் கொடுப்பாங்க. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்கிட்டுப் போக ஆள் வருது. காது இல்லாம எதுல தொங்கவிடறது?”

ஆயிரமடியின் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. காது இல்லையென்றால் தொங்காது. தொங்கவில்லையென்றால் தொழிலே இல்லை. குடுமி தன் கைக்கு வந்துவிட்டது.

“நான் குத்தறேன்.”

“எதை?”

“காது.”

“எனக்கா?”

“டாலருக்கு!”

“ஓ. உங்களுக்கு வருமா?”

“என்ன கேள்வி இது? இருபத்தஞ்சு வருஷமா பூமிக்கே காது குத்தறவன் நான்.”

“பூமி பாவம், வலிச்சாலும் வாய் திறந்து சொல்லாது.”

“இந்தக் கிண்டல்தானே வேணாங்கறது. ஒரு கண்டிஷன். நாப்பதும் உடையாம முடிச்சுக் குடுத்தா இந்த மேஜை எனக்கு.”

“ஒண்ணு உடைஞ்சா?”

“உடையாது.”

“உடைஞ்சா?”

“கருங்கல்லே என்கிட்ட வாலாட்டாது. இது வெறும் பிசின்.”

“சரிங்க, உடைஞ்சா?”

“உடைஞ்சா... என் ஆபீஸ் ரூமை நீயே எடுத்துக்க. போதுமா?”

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவர் கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மனைவி டாலர்கள் இருந்த டிரேயை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். கூடவே பேனா அளவில் ஒரு சாமானையும் வைத்தாள். நுனியில் ஊசி மாதிரி ஒரு பிட்.

“இது என்ன, காது குடையறதா?”

“கை ட்ரில். விரல்லயே உருட்டணும். டாலர் மேல டேப் ஒட்டிக்கோங்க, அடியில மரக்கட்டை வெச்சுக்கோங்க. அழுத்தாதீங்க. ரெண்டு சுத்து உள்ள போனா வெளிய எடுத்து, தூளைத் தட்டிட்டு மறுபடி...”

“எனக்கேவா?”

டாக்டரம்மா குத்துகிற வேலை இவளுக்கு எப்படி இவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிரேயைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு பின்பக்கமாகப் போய், சுவர் துளைக்கிற மிஷினை எடுத்துவந்தார். அந்த மிஷினை அந்த வீட்டில் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடிகாரம் மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அவர் துளைத்த துளை வழியாகப் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொள்ளலாம் போலிருந்ததால், கடிகாரம் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

பழகுவதற்கென்று மனைவி ஒரு கழிவு டாலரைத் தனியாகக் கொடுத்திருந்தாள். உள்ளே குமிழி விழுந்த ஒன்று. அதை வைத்து மிஷினை அழுத்தினார். விர்ர்ர் என்றது. பாறையாக இருந்தால் தூள் பறக்கும். இது பறக்கவில்லை. உருகியது. பிளாஸ்டிக் பொசுங்குகிற நாற்றம் அடித்தது. பிட்டைக் கவ்விக்கொண்ட டாலர், மிஷினோடு சேர்ந்து ஃபேன் மாதிரி சுற்றி, ஒரு கட்டத்தில் தானே விடைபெற்றுக்கொண்டு மேலே போய், கூரையில் மோதி, சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்தது.

“அப்பா, என்ன சத்தம்?” என்றாள் வெளியிலிருந்து மகள்.

“வேலை நடக்குது!”

கழிவுதானே, போகட்டும். இப்போது கை பழகிவிட்டது. டிரேயில் கைக்கு வந்ததை எடுத்தார். நீலம். வெள்ளைச் சிறகு. இந்த முறை உருகக் கூடாது என்று ஒரே அழுத்தாக அழுத்தினார். டக்.

சத்தம் ரொம்பச் சின்னதுதான். ஆயிரமடிக்கு நெஞ்சில் கேட்டது. துளையிலிருந்து கீழ்வரை ஒரு விரிசல், சிறகின் நடுவே. அவர் மிஷினை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் போகப் போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து, இந்தச் சிறகை அவள் இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே இறக்கியது ஞாபகம் வந்தது. அன்று தண்ணீர் குடிக்க வந்தவர் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய கை துளி நடுங்கவில்லை. அதைத்தான் இப்போது இரண்டாகப் பிளந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. சட்டைப் பையில் போட்டு மறைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க மிஷினைத் தொடவில்லை. இன்னும் முப்பத்தொன்பது இருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். பார்த்தால் கண்ணாடி. பேசுகிற பேச்சு கண்ணாடியுடையது இல்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் பிடிபட்டது. இது பாறையே இல்லை. களிமண். பாறை வேஷம் போட்ட களிமண்!

களிமண்ணைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. களிமண்ணில் அவசரப்பட்டு அழுத்தினால் பிட்டைக் கவ்விக்கொள்ளும், சூடேறும், அப்புறம் ரிக்கை வைத்து இழுத்தாலும் வராது. கொஞ்சம் இறக்கி, மேலே தூக்கி, மண்ணை வெளியே தள்ளி, மறுபடி இறக்க வேண்டும். அதாவது ரெண்டு சுத்து உள்ளே போனால் வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். இதைத்தானே அவள் ஒரே வரியில் சொன்னாள்? தான் பத்து வருடம் சேற்றில் நின்று கற்றுக்கொண்டதை, அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கற்றுவைத்திருக்கிறாள்.

கை ட்ரில்லை எடுத்தார். டேப் ஒட்டினார். கட்டை வைத்தார். விரலால் உருட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பிட்டின் ஓரமாக நூல் மாதிரி ஒரு வெள்ளைச் சுருள் எழுந்து வந்தது. தூக்கித் தட்டினார். மறுபடி உருட்டினார். மறுபடி ஒரு சுருள். ரிக் ஓடினால் மூன்று தெருவுக்குக் காது அடைக்கும். இங்கே அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிட் உள்ளே இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது! வாழ்க்கையில் முதல்முறையாக, தன் பிட் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே துளைத்தார். இலையின் காம்பைத் தொடாமல் பக்கத்திலேயே நழுவிப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. டேப்பை உரித்தார். குட்டியாக, வட்டமாக, ஒரு காது.

ஆயிரம் அடியில் தண்ணீர் பீறிட்டபோதுகூட அவர் இப்படிச் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பதும் முடிந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டதும் தெரியவில்லை, மத்தியானம் தூங்காததும் தெரியவில்லை. முடிந்துவிட்டதே என்றுதான் வருத்தம். அதோடு இன்னொரு வருத்தம், நாற்பதாவது இரண்டாக உடைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மனைவி, “கடைக்குப் போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். ரெசின் மூடி சரியா மூடல, தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் படியிறங்குவதற்குள் இவர் மேஜைக்கு வந்துவிட்டார். மூன்று மாதம் நின்றுகொண்டே சாப்பிட்டதில் பார்த்துப் பார்த்து அளவெல்லாம் மனப்பாடம். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. குமிழி வராமல் மெதுவாகக் கலக்கினார். கோப்பையையும் ஓர் அச்சையும் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குள் போனார்.

உள்ளே எதை வைப்பது? சிறகுக்கு எங்கே போவது? பீரோவைத் திறந்தார். பாட்டில்கள் வரிசையாக நின்றன. கடைசி வரிசையில் ஒரு பாட்டில். ‘மேடு. ஆயிரமாவது அடி.’ அதை அவர் இதுவரை யாருக்கும் தொடக் கொடுத்ததில்லை. திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். சாம்பல் நிறத் தூள் மெதுவாக இறங்கியது. அதில் இருந்த மினுக்கும் துகள்கள் இறங்கவில்லை. அங்கங்கே நடுவிலேயே நின்றுவிட்டன.

பிறகு ஊரடங்கு தொடங்கியது. இந்த முறை அமல்படுத்தியவர் ஆயிரமடி.

“யாரு கதவை அடிச்சது?”

“அப்பா, அது பாத்ரூம் கதவு.”

“அது கதவில்லையா? மெதுவா சாத்தினா கை தேஞ்சிடுமா?”

“என்னங்க, ரூமுக்குள்ள ஃபேன்கூடப் போடாம வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“உடம்புக்கு நல்லது.”

“ரிக்குல இருந்து மட்டம் பாக்கற குழாய் எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?”

“மேஜை சாஞ்சிருக்கான்னு சந்தேகம்.”

“தூங்கறதுக்கு மேஜை மட்டமா இருக்கணுமா?”

“எல்லாத்துக்கும் கேள்வியா? ஏன் இப்படித் துளைக்கற?”

மனைவி சரி சரி என்று போய்விட்டாள். வழக்கமாக அவள் அவ்வளவு சீக்கிரம் போகிறவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சை உரித்தார். கையில் வந்ததைப் பார்த்துச் சாய்வு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடியில் கறுப்பாகப் பாறை. மேலே தெளிவு. நடுவே மினுக்மினுக்கென்று நூறு புள்ளிகள். ஆயிரம் அடிக்குக் கீழே இருட்டில் கிடந்தது, வெளிச்சம் படுவதற்கென்றே காத்திருந்த மாதிரி இருந்தது. கை நடுங்காமல் அதற்கும் ஒரு காது குத்தினார்.

பதினொரு மணிக்கு டிரேயைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். மனைவி ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பதாவதை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள்.

“நாப்பது” என்றாள் கடைசியில். அதை மட்டும் டிரேயில் திரும்ப வைக்கவில்லை. “ஒண்ணுகூட உடையல. ஜெயிச்சுட்டீங்க. மேஜை உங்களுது.”

சொன்னதோடு நிற்கவில்லை. பத்தே நிமிஷத்தில் பாட்டில், கோப்பை, அச்சு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டாள். மேஜையைத் துடைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு மேஜை பளபளவென்று தெரிந்தது. அவருக்கு அது மொட்டை அடித்த மாதிரி இருந்தது.

“எங்க கொண்டுபோற?”

“கட்டிலுக்கு அடியில வெச்சிடலாம். வேற இடம் ஏது? கொஞ்ச நாள் நிறுத்திக்கறேன்.”

“நிறுத்தறதா? நல்லாப் போற வேலையை எதுக்கு நிறுத்தணும்?”

“நீங்கதானே மேஜை கேட்டீங்க?”

“மேஜைதான் கேட்டேன், நிறுத்தச் சொன்னேனா? என் ரூம்ல வெச்சுக்க.”

“ஐயோ, வேணாங்க. அது உங்க ஆபீஸ்.”

“என்ன பெரிய ஆபீஸ்? கதவு சாத்தினா தூசி வராது. மேஜை மட்டமா இருக்கு, நானே பாத்தேன். பீரோ நிறைய தூள் இருக்கு, ஒவ்வொரு ஊர்த் தூளும் ஒவ்வொரு நிறம். காது குத்த நான் இருக்கேன்.”

“ஜெயிச்சவர் ரூமை நான் எடுத்துக்கறது நல்லாவா இருக்கும்?”

ஜெயிச்சவர் என்ற சொல் அவரை ஊசி மாதிரி குத்தியது.

“கையெடுத்துக் கும்பிடறேன். எடுத்துக்கயேன்.”

“நீங்க இவ்வளவு கெஞ்சறதால...” என்று மனைவி பெட்டியை மகளிடம் கொடுத்தாள். மகள் ஏற்கெனவே ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆயிரமடி மனத்துக்குள் தன் சாமர்த்தியத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பல் டாக்டரம்மா.

“வாங்க டாக்டர். ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க?”

“எந்த ஊரு? நான் எங்கயும் போகலையே. என் கிளினிக்குக்கு வர்ற பிள்ளைங்களுக்குக் குடுக்க நாப்பது டாலர் சொல்லியிருந்தேன், வாங்கிட்டுப் போக வந்தேன்.”

“அப்ப உங்க மிஷின்ல காது...”

“பல்லுக்குக் குத்தற மிஷின்ல டாலருக்கு எங்கங்க குத்தறது? அதெல்லாம் உங்க வீட்டம்மாதான். டிவி பாத்துக்கிட்டே குத்துவாங்களே, நீங்க பாத்ததில்லையா?”

ஆயிரமடி மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அவள் குழம்புக் கரண்டியை எடுத்து, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றாள். மகள் ஒரு தீப்பெட்டியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். திறந்தார். நீலம். இரண்டு துண்டு. வெள்ளைச் சிறகு.

“புதன்கிழமை சாயங்காலமே துவைக்கப் போட்ட சட்டைப் பையில இருந்துச்சுப்பா.”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதன்கிழமையே கையில் வெற்றியை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை அவர் வாயாலேயே கெஞ்ச வைத்து வாங்கியிருக்கிறாள். ஆயிரம் அடி துளைத்தவருக்கு அந்த ஆழம் எட்டவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தார். அவள் கழுத்துச் சங்கிலியில் ஆயிரமாவது அடி மினுக்கிக்கொண்டிருந்தது.

“இதை மட்டும் நான் எதிர்பாக்கலங்க” என்றாள் அதைத் தொட்டுக்கொண்டே, உண்மையாகவே. “டாக்டர், உங்களுக்கு ஒண்ணு குறையுது. நாளைக்கு இவர் குத்திக் குடுத்துடுவாரு.”

அந்த வாரம் அந்த வீட்டில் மொத்தம் நாற்பத்திரண்டு காது குத்தப்பட்டது. அதில் நாற்பதுதான் அவர் குத்தியது.